சுகந்தியக்காவின்ர கோப்பையும் ரொறன்ரோக் கரப்பொத்தானும்

சுகந்தியக்கா, நீ எழுதினது ஒண்டும் பொய்யில்லை. வாயால புகை வரும் எண்டு எழுதினாய். வருது. குளத்துக்கு மேல ஆக்கள் நடப்பினம் எண்டு எழுதினாய். நடக்கினம், நான் கண்ணால பாத்தனான். கறுப்பு அணில் இருக்கு எண்டும் எழுதினாய். அதைத்தான் நான் நம்பவே இல்லை. கட்டாரில வெக்கைக்குள்ள கட்டிலில கிடந்து உன்ர கடிதத்தை வாசிச்சுப்போட்டு, அக்கா என்னைப் பேக்காட்டுறா எண்டு சிரிச்சனான். பிறகு நான் வந்தன். நீ இல்லை.

வாசிக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன், எனக்கு எழுத்து வடிவா வராது. எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டனான். கட்டாரில வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கிற வேலை. முதுகில ஒரு மருந்து ராங்கி, கையில ஒரு குழாய். அக்கா தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை பஸ்ஸுக்கு நிண்ட இடத்தில விழுந்தவ. தலைக்குள்ள நரம்பு வெடிச்சதாம். அம்மாவும் அப்பாவும் இடம்பெயர்ந்து வன்னிக்குள்ள இருக்கினம். அவைக்குச் செய்தி போய்ச் சேந்ததோ எண்டும் தெரியாது. அக்கான்ர பக்கத்தில வாறதுக்கு இருந்தது நான் ஒரு ஆள்தான். விசாக் கதையை விடுறன். நான் வந்து இறங்கின அண்டைக்கு அக்கா செத்து இருபதாம் நாள்.

அத்தான் ஆற்றையோ காரைக் கேட்டு எடுத்துக்கொண்டு எயாப்போட்டுக்கு வந்திருந்தார். கட்டிப்பிடிக்கேல்லை, அழேல்லை. "இதைப் போடு தம்பி" எண்டு ஒரு குளிர் ஜக்கெற்றை நீட்டினார். மெறூன் நிறம். இடுப்பு ஒடுக்கம், கழுத்தைச் சுத்திப் பஞ்சு. பொம்பிளையள்ர ஜக்கெற் எண்டு பாத்த உடன விளங்கிச்சு. ஆற்றை எண்டும் விளங்கிச்சு. போட்டன். பொக்கெற்றுக்குள்ள கையை விட, ஒரு பஸ் துண்டும் பாதி உரிச்ச ஒரு இஞ்சி ரொபியும் கையில தட்டுப்பட்டுது. கையை வெளியில எடுக்கேல்லை. வீடு வரும் வரைக்கும் அந்த ரொபியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

றோட்டில ஸ்னோ. நான் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும் எண்டு நினைச்சன். அது மணல்! காத்தடிக்க றோட்டுக்கு மேலால பாம்பு பாம்பாய் ஓடுது. மதிலோரம் குவியுது, குவிஞ்சு நுனி வளையுது. கட்டாரில மணல் புயல் அடிச்சு அடுத்த நாள் வேலைக்குப் போகேக்க பாக்கிறது அச்சொட்டாய் இதுதான். நிறம் மட்டும்தான் வேற. "அத்தான், இது எங்கட பாலைவனம்தான், ஃபிறிட்ஜுக்குள்ள வைச்சிருக்கினம்" எண்டன். அத்தான் முதல்முறையாய்ச் சிரிச்சார். பிறகு சிரிச்சதுக்காக அழுதார்.

வீடு ரொறன்ரோவில பார்க்டேல் எண்ட இடத்தில, மூண்டாம் மாடி. வாசலில ஆறு வயசுப் பிள்ளை ஒண்டு என்னை ஏறஇறங்கப் பாத்துது. மயூரி. அக்கான்ர மகள். நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடதான் மூச்சு விடுது. "இது அம்மான்ர கோட்" எண்டுது. "ஓம்" எண்டன். "யூ கான் வெயர் இற். பட் கிவ் இற் பாக்" எண்டுது. சரி எண்டு தலையாட்டினன்.

விடிய எழும்பி நான் செஞ்ச முதல் வேலை, சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினது. அது என்ர பழக்கம். கட்டாரில சப்பாத்தைத் தட்டாமல் கால் விடுறவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், உள்ளுக்குத் தேள் சுருண்டு கிடக்கும். மயூரி பாத்துக்கொண்டு நிண்டிது.

"மாமா, வட் ஆர் யூ டூயிங்?"

"தேள் இருக்கோ எண்டு பாக்கிறன்."

"கனடாவில தேள் இல்லை."

"அது உனக்குத் தெரியும். தேளுக்குத் தெரியுமோ?"

அண்டையில இருந்து அதுவும் தன்ர பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டத் தொடங்கினது. பள்ளிக்கூடத்திலயும் தட்டினதாம். ரீச்சர் அத்தானுக்கு ரெலிபோன் அடிச்சுக் கேட்டவ.

அந்த விடியக்காலமைதான் கோப்பையைப் பாத்தன். ஹோலின்ர மூலையில ஒரு சின்ன மேசை, அக்கான்ர படம், பூமாலை, லைற்றில எரியிற விளக்கு. நெருப்பு விளக்கு வைச்சு, சாம்பிராணியும் போட்டு, ஃபயர் அலாம் அடிச்சு மாடி முழுக்க இறங்கிப் போய் ஸ்னோவுக்குள்ள நிண்டதாம், அதாலதான் லைற். படத்துக்கு முன்னால ஒரு கோப்பையில சோறு, பருப்பு, தமிழ்க் கடைப் பருப்பு வடை ஒண்டு, ஒரு பேணி தண்ணி. முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும் வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் அத்தான் படைக்கிறார். விடிய எடுத்துக் கொட்டிப்போட்டுக் கோப்பையைக் கழுவுவார்.

"மாமா, லுக்! அம்மா சாப்பிட்டிருக்கிறா" எண்டு மயூரி கையைப் பிடிச்சு இழுத்துது.

பாத்தன். வடையின்ர ஓரம் சுத்திவரக் கடிபட்டு, நடு மட்டும் மிச்சம்.

எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. அக்கா அப்பிடித்தான் சாப்பிடுறவ. சின்னனில இருந்து. ரெண்டு கையாலயும் வடையைப் பிடிச்சு, ஓரத்தைச் சுத்திச் சுத்திக் கடிச்சு, மெத்தெண்ட நடுவைக் கடைசிக்கு வைச்சிருப்பா. நான் அந்த நடுவைப் பறிச்சுக்கொண்டு ஓடுவன்.

அத்தான் குசினி வாசலில நிண்டு மெல்லமாய்ச் சொன்னார். "ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறையுது தம்பி. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. விசர் எண்டு சொல்லுவினம்."

மூண்டு பேரும் அந்தக் கோப்பைக்கு முன்னால குந்தி இருந்து அழுதம். அக்கா வந்திருக்கிறா. கடல் எல்லாம் தாண்டி நானும் வந்திருக்கிறன். அந்த ஒரு விடியக்காலமை, எனக்கு உலகத்தில ஒரு குறையும் இருக்கேல்லை.

அடுத்த நாள் அத்தான் பாண் ஃபாக்டரிக்கு வேலைக்குப் போயிட்டார், மயூரி பள்ளிக்கூடம். நான் தனிய ஸ்ரீட்காரில ஏறினன். றோட்டு நடுவில தண்டவாளம், அதில பஸ் மாதிரி ஒண்டு போகுது, மேல கம்பியில நெருப்புப் பொறி பறக்குது. இறங்க வேண்டிய இடம் வந்து கதவடியில நிண்டன், கதவு திறக்கேல்லை. படியில கால் வைச்சால்தான் திறக்குமாம், எனக்கு ஆர் சொன்னது? நான் மரியாதையாய்க் கதவைப் பாத்துக்கொண்டு நிண்டன், அது என்னை ஊர் முடிவுக்கே கொண்டுபோட்டுது. எல்லாரும் இறங்கீட்டினம். டிறைவர் ஒரு கறுப்பின மனுசன், தாடி நரைச்சவர். என்ர மெறூன் ஜக்கெற்றைப் பாத்தார், முகத்தைப் பாத்தார். "இரு மகனே, நான் திரும்பித்தான் போறன்" எண்ட மாதிரிச் சொல்லிப்போட்டுத் தன்ர ஃபிளாஸ்கில இருந்து மூடியில கோப்பி ஊத்தித் தந்தார். கட்டாரில ஒரு டிறைவரும் என்னோட கதைச்சதில்லை. பிறகு என்ர இடம் வர, தானே வந்து படியில ஒரு உதை உதைச்சுக் காட்டினார். கதவு திறந்துது.

இறங்கி நடக்க, றோட்டு முடிவில கடல். நான் கடல் எண்டுதான் நினைச்சன். கரை தெரியேல்லை, விளிம்பெல்லாம் ஐஸ் உடைஞ்சு கண்ணாடித் துண்டு மாதிரிக் குத்தி நிக்குது. ஆனால் உப்பு மணம் இல்லை. பிறகு அத்தான் சொன்னார் அது ஏரி எண்டு. இவ்வளவு நல்ல தண்ணி! கட்டாரில ஏசியில இருந்து சொட்டுற தண்ணிக்கு எறும்பு அரை மைல் வரிசை பிடிச்சு வரும். அந்த எறும்பைக் கொண்டுவந்து இந்தக் கரையில விட்டால் அதுக்கு விசர் பிடிச்சிடும்.

வீட்டுக்கு வந்து, சும்மா இருக்காமல் அக்கான்ர மேசையைத் துடைப்பம் எண்டு துணி எடுத்தன். மேசையின்ர பின்காலடியில, சுவரோட ஒட்டி, அரிசி மாதிரிச் சின்னனாய்க் கறுப்பாய் நாலஞ்சு கிடந்துது. ரெண்டு நுனியும் கூர்.

நான் அதை ஒரு நாளைக்கு எத்தினை வீட்டில பாக்கிறனான்! சுண்டெலிப் புழுக்கை.

துணியைக் கீழ வைச்சன். பிறகு என்ர கண் தானாகவே மற்றதையும் தேடிச்சு. ஃபிறிட்ஜுக்குப் பின்னால மோட்டர்ச் சூட்டில, மிளகுத்தூள் கொட்டின மாதிரிப் புள்ளி. அலுமாரிப் பிணைச்சலுக்குள்ள மண்ணிறத்தில சின்னக் கரப்பொத்தான், கழுத்தில ரெண்டு கறுப்புக் கோடு. எனக்கு இப்பவும் அதிசயம். கட்டாரில குசினியளுக்குள்ள நான் அடிக்கிறது இதே கரப்பொத்தானைத்தான்! அங்க வெளியில முட்டை பொரியிற வெயில், இங்க வெளியில மூக்குத்தண்ணி உறையிற குளிர். இது ரெண்டு இடத்திலயும் குசினிக்குள்ள இருந்து சிரிக்குது. பாஸ்போட் இல்லை, விசா இல்லை. நான் அக்காட்டை வர எட்டு வருசம் எடுத்துது.

அங்க பூச்சி தண்ணிக்கு உள்ளுக்கு வரும். இங்க சூட்டுக்கு வருது. ஆனால் சாப்பாட்டுக்கு ரெண்டு இடத்திலயும் வரும். விடிய விடியத் திறந்து கிடக்கிற ஒரு கோப்பை சோத்துக்கு வராமல் என்ன செய்யும்?

அண்டைக்குப் பின்னேரம் அத்தான் புது வடை வைச்சார். மயூரி கையைத் தட்டிச்சுது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தன்.

மூண்டாம் நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தால ரெலிபோன் வந்துது. மயூரிக்கு மூச்சு எடுக்கேலாமல் முட்டு இழுக்குது. அத்தானும் நானும் போகேக்க பிள்ளையின்ர உதடு நீலமாய் இருந்துது. கழுத்துக் குழி உள்ளுக்குப் போய்ப் போய் வருது. ஆஸ்பத்திரியில மூக்குக்கும் வாய்க்கும் சேத்து ஒண்டைப் போட்டுப் புகை மாதிரி மருந்து விட்டினம். பிள்ளையின்ர பேரை மட்டும் கேட்டினம், காசு கடுதாசி எல்லாம் பிறகுதான். நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டன். சுவர் முழுக்க மீன் படம் கீறி வைச்சிருக்கினம், மூச்சு முட்டுற பிள்ளையள் பாக்க எண்டு. இதை ஆர் யோசிச்சிருப்பினம்?

டொக்ரர் ஒரு இளம் பொம்பிளை. அத்தானிட்டை இங்கிலீஷில வரிசையாய்க் கேட்டா. எனக்கு இங்கிலீஷ் குறைவு, ஆனால் என்ர தொழிலில உள்ள சொல்லுகள் எல்லாம் தெரியும். "வீட்டில கரப்பொத்தான் இருக்கா? எலி?" எண்டு கேட்டா. அத்தான் அவவின்ர முகத்தைப் பாக்காமல் "நோ" எண்டார். "நோ, நோ. வெரி கிளீன்."

வெளியில வந்து பஸ்ஸுக்கு நிக்கேக்க நான் கேட்டன். "அத்தான், ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"உனக்குத் தெரியாது. சுப்பருக்குச் சொன்னால் கதவில நோட்டீஸ் ஒட்டுவா. மாடி முழுக்கத் தமிழாக்கள். சுகந்தி போய் ஒரு மாசம் ஆகேல்லை, அவன் வீட்டை நாறவிட்டிட்டான் எண்டு கதைப்பினம்." சுப்பர் எண்டது அந்த மாடியைப் பாத்துக்கொள்ளுற வெள்ளைக்காரப் பொம்பிளை. "மருந்தடிக்க வாறதெண்டால் குசினியைக் காலி பண்ண வேணும். படத்தை எடுக்க வேணும். முப்பத்தொண்டுக்கு முதல் நான் அந்தப் படத்தை எடுக்கமாட்டன். இன்னும் எட்டே எட்டு நாள்."

"பிள்ளைக்கு இண்டைக்கு உதடு நீலம் அத்தான்."

அவர் பஸ் வருதோ எண்டு றோட்டைப் பாத்தார். மயூரி அவற்றை தோளில நித்திரை. அந்த விசில் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்துது.

"கரப்பொத்தான்ர பீயும் செட்டையும் காய்ஞ்சு தூளாய்ப் பறக்கும்" எண்டன். "அது நெஞ்சுக்குள்ள போனால் முட்டுக்காரருக்கு இழுக்கும். நான் எத்தினை வீட்டில பாத்திட்டன். டொக்ரர் சும்மா கேக்கேல்லை."

கடைசியாய் அத்தான் சொன்னார், "ஒருத்தருக்கும் தெரியாமல் உன்னால ஏலுமெண்டால் செய். கோப்பையை மட்டும் தொடாதை."

நாலாம் நாள் நான் வேலையில இறங்கினன். மருந்து அடிக்கேல்லை. அடிச்சால் பூச்சி பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போட்டுத் திரும்ப வரும், அந்த நாத்தம் பிள்ளையின்ர நெஞ்சுக்கும் கூடாது. எனக்கே அந்த மருந்தால இருமல். முதல் சோப்புத் தண்ணியால குசினி முழுக்கத் துடைச்சன், தூசு பறக்கக்கூடாது எண்டு ஈரத் துணியாலதான். ஃபிறிட்ஜை இழுத்து முதுகைக் கழுவினன். அக்கா சேத்து வைச்சிருந்த கடுதாசிப் பையள் எல்லாத்தையும் வீசினன், கரப்பொத்தான் முட்டை வைக்கிறது அந்த மடிப்புக்குள்ளதான். அரிசி, மா, பருப்பு எல்லாம் மூடிப் போத்தலுக்குள்ள. பைப் சுவருக்குள்ள போற ஓட்டையளுக்குக் கம்பித் தும்பை அடைச்சன், எலிக்குப் பல்லுக் கூசும். போரிக் பவுடரும் சீனியும் மாவும் குழைச்சு, சின்ன உருண்டையாய்ப் பிடிச்சு, பிள்ளையின்ர கை எட்டாத இடுக்குகளுக்குள்ள வைச்சன். குசினிச் சிங்கைத் துணியால துடைச்சுக் காயவிட்டன். பாலைவனத்தில தண்ணியை எடுத்துப்போட்டால் பாதிப் பூச்சி தானாய்ப் போயிடும்.

முன் வீட்டு பிலோ அன்ரி எட்டிப் பாத்தா. மன்னார்ப் பொம்பிளை, பள்ளிக்கூடம் விட்டால் மயூரியை அவதான் பாத்துக்கொள்ளுறது. "என்ன தம்பி, பொங்கல் முடிஞ்சுதே, இப்ப ஏன் வீடு கழுவுறாய்?"

"சும்மா அன்ரி. பொழுது போகேல்லை."

"அப்ப என்ர வீட்டையும் வாவன் ராசா. எனக்கும் கரப்பொத்தான் இருக்குது, அதுக்கும் பொழுது போகேல்லை."

நான் அப்பிடியே நிண்டிட்டன். அப்ப இவவுக்கும் இருக்கு. மாடி முழுக்க இருக்கு. ஒவ்வொருத்தரும் தன்ர வீட்டில மட்டும்தான் எண்டு நினைச்சு மூடி மூடி வைச்சிருக்கினம்.

எல்லாம் செஞ்சும் கோப்பை கிடக்குதே. நல்ல சோறு கிடக்க ஆர் நஞ்சைத் தின்பான்? யோசிச்சு யோசிச்சு ஒரு வழி எடுத்தன். கட்டாரில எங்கட தொழிலாளர் காம்பில தேளுக்கும் எறும்புக்கும் பயந்து கட்டில் காலுகளைத் தண்ணிப் பேணிக்குள்ள வைச்சிட்டுப் படுக்கிறனாங்கள். அக்கான்ர மேசையைச் சுவரில இருந்து இழுத்து, நாலு காலுக்கும் நாலு தகரப் பேணி, உள்ளுக்குச் சோப்புத் தண்ணி. காலுகளுக்கு வசலின் பூசினன். கோப்பையைத் தொடேல்லை. அத்தான் வந்து பாத்தார். "மேசைக்குத்தானே" எண்டு சொல்லிப்போட்டு வடையை வைச்சார்.

ஐஞ்சாம் நாள் விடிய மயூரிதான் முதல் எழும்பினது. "அப்பா" எண்டு கூப்பிட்டுது. சத்தமாய் இல்லை.

வடை முழுசாய் இருந்துது. சோறு வைச்ச மாதிரியே காஞ்சு போய்க் கிடந்துது.

அத்தான் கோப்பையைப் பாத்தார், பிறகு என்னைப் பாத்தார். அந்தப் பார்வையை நான் எழுதேலாது. அவர் அக்காவை ரெண்டாந்தரம் சாகக் குடுத்தவர் மாதிரி நிண்டார். சாக்கொண்டது நான்.

மயூரி பேணியளைப் பாத்துக்கொண்டு இருந்துது. பிறகு என்னட்டை வந்து சொல்லிச்சுது, "மாமா, யூ புற் வாட்டர். அம்மாவுக்கு நீந்தத் தெரியாது."

அக்காவுக்கு மெய்யாய் நீந்தத் தெரியாது. கேணியில அவ படியில இருந்து காலை மட்டும்தான் நனைப்பா.

நான் படிக்காதவன். பிள்ளையளுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாது. நிலத்தில இருந்துபோட்டு உள்ளதைச் சொன்னன். "அது அம்மா இல்லைப் பிள்ளை. அது ஒரு சுண்டெலி. நானும் அம்மா எண்டுதான் நினைச்சனான். அழுதனான், நீயும் பாத்தனீ. பிறகு அதின்ர புழுக்கையைப் பாத்தன்."

மயூரி அழேல்லை. கோப்பையை ஒருக்கா எட்டிப் பாத்துது. "எலிதான் சாப்பிட்டதெண்டால், அப்ப அம்மா இவ்வளவு நாளும் என்ன சாப்பிட்டவ?"

அத்தான் குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினார். தண்ணியைத் திறந்துவிட்டார், எங்களுக்குக் கேக்கக்கூடாது எண்டு.

அண்டைக்கும் அடுத்த நாளும் அத்தான் என்னோட கதைக்கேல்லை. ஃபிறிட்ஜுக்குப் பின்னால கரப்பொத்தான் கை கையாய்ச் செத்துக் கிடந்துது. நான் வைச்ச பொறியில சுண்டெலி ஒண்டு பட்டுது, நான் மயூரிக்குக் காட்டாமல் கடுதாசியில சுத்தி எடுத்துக்கொண்டு கீழ போனன். போகேக்க என்ன நினைப்பு வந்துதோ, அதிட்டை "மன்னிச்சுக்கொள்" எண்டன். ஒரு விடியக்காலமை நான் அதுக்கு முன்னால இருந்து அக்கா எண்டு அழுதனான் எல்லோ.

மயூரியின்ர விசில் குறைஞ்சுது. ஆனால் பிள்ளை சாப்பாட்டைத் தொடமாட்டன் எண்டு நிண்டுது. அம்மா சாப்பிட்டால்தான் தான் சாப்பிடுமாம். பாலை வாய்க்கிட்டக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்புது. நெஞ்சு நல்லாக, வயிறு காயுது. இப்ப நான் என்ன செய்ய?

பிலோ அன்ரி வந்து கேட்டா, "ஏன் இந்தப் பிள்ளை பட்டினி கிடக்குது?" அத்தானே எல்லாத்தையும் சொன்னார். கரப்பொத்தான், எலி, கோப்பை, எல்லாம். அன்ரி கையை இடுப்பில வைச்சா.

"உங்கட ஆக்கள் காகத்துக்குத்தானே வைக்கிறது? சைவக்காரர் உங்களுக்கு வேதக்காரி நான் சொல்லித்தர வேண்டிக்கிடக்கு. வெளியில பல்கனியில வையுங்கோவன்."

"இந்தக் குளிருக்குள்ள காகத்துக்கு எங்க அன்ரி போறது?"

"காகத்தையும் நானே பிடிச்சுக்கொண்டு வரட்டோ? வைக்கிறது உங்கட வேலை. வாறது அவவின்ர வேலை."

ஏழாம் நாள் விடிய அத்தான் புதுச் சோறு, பருப்பு, வடையோட பல்கனிக்குப் போனார். எட்டாத உயரத்துக்குக் கையைத் தூக்கி, வெறும் மரத்தைப் பாத்து, "கா... கா... கா..." எண்டு கூப்பிட்டார். நான் நிண்ட நாளில ஒரு காகத்தையும் காணேல்லை. கீழ ஸ்னோ வழிச்சுக்கொண்டு நிண்ட சுப்பர் நிமிர்ந்து பாத்தா. "எல்லாம் சரியா மேல?" எண்டு கேட்டா. "யெஸ், யெஸ்" எண்டு சொல்லிப்போட்டு அத்தான் திரும்பவும் கூப்பிட்டார். ஒண்டும் வரேல்லை. மத்தியானம் பாத்தால் சோறு கல்லாய் உறைஞ்சு போச்சு. கோப்பையைத் தட்ட டொங் எண்டு சத்தம்.

மயூரி அண்டைக்கும் அரை பிஸ்கற்றுக்கு மேல தின்னேல்லை.

எட்டாம் நாளும் அப்பிடித்தான்.

ஒன்பதாம் நாள் வெயில். ஸ்னோவுக்கு மேல வெயில் பட்டால் அந்த வெளிச்சம் கட்டாரில கூட இல்லை, கண்ணைத் திறக்கேலாது. அத்தான் கோப்பையை வைச்சுப்போட்டுக் கூப்பிடவும் தெம்பில்லாமல் உள்ளுக்கு வந்திட்டார். மூண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம். மயூரியின்ர மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெள்ளையாகுது, கையால துடைக்குது, திரும்ப வெள்ளையாகுது.

மரத்தில இருந்து ஒண்டு பாஞ்சு வந்து பல்கனிக் கம்பியில நிண்டுது.

கறுப்பு. கரிக்கட்டிக் கறுப்பு. காகம் மாதிரியே கறுப்பு. ஆனால் வால் பஞ்சாய் நிக்குது.

"அணில்!" எண்டன். எங்கட ஊர் அணிலுக்கு முதுகில மூண்டு கோடு. இதுக்கு ஒரு கோடும் இல்லை. கறுப்பு அணில், அக்கா! நீ எழுதினது!

அது கம்பியில இருந்து இறங்கிக் கோப்பையடிக்கு வந்துது. சோத்தை மணந்துது, விட்டிட்டுது. வடையை ரெண்டு கையாலயும் தூக்கிச்சுது. எங்களை ஒருக்கா நேர பாத்துது. நான் நினைச்சன் ஓரத்தைக் கடிக்கப் போகுது எண்டு. இல்லை. முழு வடையையும் வாயில கவ்விக்கொண்டு ஒரே பாய்ச்சலில மரத்துக்குப் போயிட்டுது. கிளை ஆடி ஸ்னோ பொலபொலவெண்டு கொட்டிச்சுது.

மயூரி கண்ணாடியைத் திரும்பத் துடைச்சுது.

"அப்பா," எண்டுது மயூரி, "அம்மா ரேக்-அவுட் எடுத்துக்கொண்டு போயிட்டா."

அத்தான் சிரிச்ச சிரிப்பு பிலோ அன்ரி வீட்டுக்குக் கேட்டிருக்கும். சிரிச்சுக்கொண்டே நிலத்தில இருந்திட்டார். மயூரி அவற்றை மடியில ஏறி, "எனக்கும் வடை" எண்டுது. ரெண்டு வடை திண்டுது. பிறகு பால். பிறகு பாண்.

நான் என்ர தொழிலின்படி சொல்லவேண்டியது ஒண்டு இருந்துது. அணில் கூரைக்குள்ள கூடு கட்டும், வயரைக் கடிக்கும், அதுவும் ஒரு தொல்லைதான். லிஃப்ற்றுக்குள்ளயும் ஒரு கடுதாசி ஒட்டிக் கிடந்துது, புறாவுக்கும் அணிலுக்கும் சாப்பாடு போடவேண்டாம் எண்டு. அத்தான் வாசிச்சுக் காட்டினார். ரெண்டு பேரும் அந்தக் கடுதாசியை மரியாதையாய்ப் பாத்தம். பிறகு லிஃப்ற்றை விட்டு இறங்கினம்.

அண்டைக்குப் பின்னேரமே அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு கீழ போய்ச் சுப்பரின்ர கதவைத் தட்டினார். "என்ர வீட்டில கரப்பொத்தான் இருக்கு. எலியும் இருந்தது" எண்டு நிமிர்ந்து நிண்டு சொன்னார். அவ ஒரு பெருமூச்சு விட்டா. "கடைசியில ஒரு ஆளாவது சொன்னீங்களே. சொன்னால்தானே முழு மாடிக்கும் சேத்து நான் செய்விக்கலாம்" எண்டா. முப்பத்தொண்டு முடிஞ்ச பிறகு வரச்சொல்லி அத்தான் கேட்டார். ஏன் எண்டு கேக்காமல் அவ நாளை எழுதிக்கொண்டா. அடிக்கிற மருந்து வேண்டாம், இடுக்குக்குள்ள வைக்கிறதைக் கேளுங்கோ எண்டு நான் அத்தானுக்குச் சொல்லிக்குடுத்தன். அதையும் எழுதினா.

முப்பத்தோராம் நாள், ஐயர் வந்து எல்லாம் முடிச்சுப்போட்டுப் போன பிறகு, அத்தான் தன்ர கையால அக்கான்ர படத்தைத் தூக்கிச் சுவரில மாட்டினார். நான் பேணியளில கிடந்த தண்ணியை ஊத்தினன். மயூரி சோஃபாவில மத்தியான நித்திரை. நான் கிட்டப் போய்க் காதை வைச்சுக் கேட்டன். விசில் இல்லை. சும்மா மூச்சு. உள்ளுக்குப் போகுது, வெளியில வருது. ரொறன்ரோவில நான் பாத்த அவ்வளவு அதிசயத்திலயும், ஸ்ரீட்கார், ஏரி, ஐஸில நடந்த ஆக்கள் எல்லாத்திலயும், நான் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டது அதைத்தான்.

நான் திரும்பிப் போற நாள் ஜக்கெற்றைக் கழட்டி மயூரியிட்டைக் குடுத்தன், சொன்ன சொல் எல்லோ. இஞ்சி ரொபியை மட்டும் நான் எடுத்துக்கொண்டன். இப்ப கட்டாரில, சப்பாத்தைத் தட்டிப்போட்டு, கட்டிலில இருந்து இதை எழுதுறன்.

வாசிச்ச எல்லாரிட்டையும் ஒண்டு கேக்கிறன். நீங்கள் கோயிலுக்குப் போறவையோ, தேவாலயத்துக்குப் போறவையோ, பள்ளிவாசலுக்குப் போறவையோ, எனக்கு எல்லாம் ஒண்டுதான். என்ர அக்காவுக்காக ஒருக்கா கும்பிடுங்கோ. போன இடத்தில அவவுக்குப் பசியும் குளிரும் இருக்கக்கூடாது எண்டு கேளுங்கோ. அம்மாவும் அப்பாவும் கிட்ட இல்லாமல் போன பிள்ளை அவ, அவைக்கும் சேத்து நீங்கள் கும்பிடுங்கோ. நீளமாய் ஒண்டும் வேண்டாம். சுகந்தி எண்டு பேரைச் சொன்னால் காணும். கூப்பிட்டால் திரும்பிப் பாக்காமல் அவ ஒருநாளும் போனதில்லை.